வழியனுப்பு கோல்

பந்து அந்தப் பக்கமே கிடக்கிறது, கிடக்கட்டும். இடைவேளை முடிந்து இந்தக் கோலுக்கு மாறி நின்றதிலிருந்து அது ஒரே ஒரு தடவைதான் என்னை எட்டிப் பார்த்தது. அதுவும் தானாக உருண்டு வந்த பந்து, மேய்கிற மாடுகூட நிறுத்தியிருக்கும். அதற்கு வார்டன் அருமைநாயகம் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார். எதற்குக் கை தட்ட வேண்டும் என்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆங்கிலப் பேராசிரியர், விடுதிக்கு வார்டன், யுத்த நிதிக் கமிட்டிக்குச் செயலாளர், இத்தனையும் ஒரே வழுக்கைத் தலைக்கு. பக்கத்தில் பட்டாளத்துத் துரை கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் காதோரம் வார்டன் குனிந்து குனிந்து ஏதோ சொல்கிறார், துரை தலையைக்கூடத் திருப்பவில்லை. வெயில் என் முதுகில் அடிக்கிறது. என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு கிடக்கிறது, அதன் தலை பெனால்டி புள்ளியைத் தொட்டால் ஆட்டம் முடிகிற நேரம். இன்னும் கொஞ்சந்தான் இருக்கிறது. வெயில் பின்னால் இருப்பதால் கண் கூசியது என்று நாளைக்கு யாரிடமும் சொல்ல முடியாது. வேறு ஒருத்தன் என்றால் இதற்குள் ஒரு சாக்கைத் தேடி மடியில் கட்டி வைத்திருப்பான். எனக்குச் சாக்கு வேண்டாம். இன்றைக்கு நான் விட மாட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் விட்டிருக்கிறேன், சொரிமுத்துவுக்கு விட மாட்டேன்.

முதுகுக்குப் பின்னால் வலை இல்லை, வெறும் மூன்று கம்பு. வலையை வார்டன் பட்டாளத்துக்குத் தானம் பண்ணிவிட்டார். மேலே பறக்கிற ஜப்பான்காரனுக்கு லாரி தெரியாமல் மூடி வைப்பார்களாம். எங்கள் கோல் வலையை வைத்து லாரியின் மூஞ்சியைக்கூட மூட முடியாது, ஆனால் அதைக் கொடுக்கிறபோது போட்டோ எடுத்தார்கள், அது போதும் அவருக்கு. இப்போது கோல் விழுந்தால் பந்து நேரே போய் உடைமரத்து முள்ளில் நிற்கும், போய் எடுத்து வர வேண்டியது நான். பந்துக்குள் இருக்கிற பிளாடர் இந்தக் கல்லூரியின் கடைசி பிளாடர், சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுப் போட்டு ரப்பரைவிட ஒட்டுதான் அதிகம். புதிது கிடைக்காது, ரப்பர் முழுக்க யுத்தத்துக்குப் போகிறது. அரிசி போகிறது, சீமெண்ணெய் போகிறது, ரயில் போகிறது. ரயிலில் சிப்பாய்க்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டதால் மதுரைக்காரர்கள் வரவில்லை, திருச்சிக்காரர்கள் வரவில்லை, கோப்பை ஆட்டம் எல்லாம் ரத்து. கல்லூரிக்குக் கால்பந்து டீம் என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது? ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிற பட்டாளத்துக்காரர்களோடு ஆட வைத்தார்கள். ஒரு கம்பெனி வரும், கொஞ்ச நாள் இருக்கும், பர்மா எல்லைக்குக் கிளம்பும், அடுத்த கம்பெனி வரும். கிளம்புகிறதற்கு முந்தின சாயங்காலம் எங்களோடு ஒரு ஆட்டம். இதுதான் இந்த வருஷத்து சீசன். மைதானத்து ஓரத்தில் குண்டு விழுந்தால் பதுங்குவதற்கு வளைத்து வளைத்து ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். குண்டு விழவில்லை, பி.ஏ. மாணவர்கள்தான் அதில் இறங்கி உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். எல்லாரும் யுத்தத்துக்கு ஏதோ செய்கிறோம்.

முதல் ஆட்டத்தில் நாங்கள் ஒழுங்காக ஆடினோம். அவர்கள் பூட்ஸ், நாங்கள் வெறுங்கால், கணுக்காலில் துணிச் சுற்று மட்டும். ஆனாலும் பந்தை அவர்கள் கண்ணில் காட்டவில்லை, மூன்று கோல் போட்டோம். ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் வார்டன் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். "தம்பிமாரே, அவங்க நாளைக்கு உயிரோட இருப்பாங்களான்னு தெரியாது. சாகப்போறவனைத் தோற்கடிச்சு அனுப்புறதுதான் நாம படிச்ச படிப்பா? ஒரு கோல். ஒரே ஒரு கோல் அவங்க கூடுதலாப் போட்டுட்டுச் சந்தோஷமாப் போகட்டும். அதுக்கு நீங்க என்ன குறைஞ்சு போவீங்க?" கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார், அதுதான் அந்த மனுஷனிடம் அருவருப்பு. பொய்யாக அழுதிருந்தால் மன்னித்திருப்பேன். எங்கள் கேப்டன் தேவசித்தம் உடனே தலையை ஆட்டினான், அவன் தலை ஆட்டுவதற்கென்றே கழுத்தில் வைத்தது. அதற்குப் பேரும் வைத்துவிட்டான், வழியனுப்பு கோல். ஜாடையும் ஏற்பாடானது. ஆட்டம் முடிகிற நேரம் பார்த்து வார்டன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தலையைத் துடைப்பார். துடைத்தால் எனக்கு முன்னால் நிற்கிற பேக் ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் விலக வேண்டும், வருகிற பந்தை நான் விட வேண்டும். ஒரு தடவை உச்சி வெயிலில் ஆட்டம் வைத்தார்கள். வார்டனுக்கு வியர்த்தது, வியர்க்கிறவன் துடைக்கத்தானே செய்வான், துடைத்தார், விட்டோம். பிறகு ஜாடைக்கென்று துடைத்தார், மறுபடியும் விட்டோம். ஒரு கோலுக்குப் பதில் இரண்டு. ராத்திரி சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் உருண்டார்கள். நானும் சிரித்தேன். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், பள்ளத்தில் பீடி குடிக்கிறவனுக்குத் தெரியும், சுண்டல் விற்கிறவளுக்குத் தெரியும், தெரியாதவன் கோல் போட்டவன் ஒருத்தன்தான். அவன் சந்தோஷத்தில் ஓடி வந்து என் கையைக் குலுக்கி ஒரு சிகரெட் பாக்கெட்டைத் திணிப்பான். சிவந்த மூஞ்சி சார்ஜெண்ட் கொடுத்தான், தாடி வைத்த பஞ்சாபி டிரைவர் கொடுத்தான், பேர் தெரியாதவர்கள் கொடுத்தார்கள். தோற்றுப்போன கோல்கீப்பருக்கு ஆறுதலாம். நான் புகைப்பதில்லை. விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுவேன், அவர் என் தட்டில் ஒரு கரண்டி கூடப் போடுவார்.

விடுவது அத்தனை லேசு இல்லை, இதை வார்டனுக்கு யார் சொல்வது. சும்மா நின்றால் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கம் விழுந்தால் அதைவிட அசிங்கம். சரியான பக்கம் விழ வேண்டும், முழு நீளத்துக்கும் விழ வேண்டும், மண் வாயில் போக வேண்டும், ஆனால் ஒரு அரை மூச்சு தாமதமாக. பந்து எங்கே வருகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரியும், உதைக்கிறவன் இடுப்பைப் பார்த்தால் தெரியும். தெரிந்ததும் உடம்பு கிளம்பும். அதைப் பிடித்து நிறுத்தி, மூச்சைப் பாதியில் கட்டி, பிறகு அவிழ்த்து விட வேண்டும். இதை நான் சாயங்காலம் சாயங்காலம் பழகினேன், தேவசித்தம் பந்தை உதைப்பான், நான் தாமதமாக விழுவேன், "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் லே, இப்ப பாத்தா தூங்கி விழுத மாதிரி இருக்கு" என்பான். உலகத்தில் எந்தக் கோல்கீப்பரும் இப்படிப் பழகியிருக்க மாட்டான். நன்றாகவே வந்துவிட்டது. அதுதான் இப்போது வம்பு. போன வாரம் குளிக்கிறபோது சுவரில் வைத்த செம்பு சரிந்தது, சரியப்போகிறது என்று முன்னாலேயே பார்த்துவிட்டேன், கை நீட்டினேன், செம்பு கல்லில் விழுந்து உருண்ட பிறகுதான் என் கை அங்கே போனது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் அடுத்தவன் பேரைத் தொடங்குகிறபோது உள்ளேன் ஐயா என்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். இன்றைக்கு முதல் பாதியில் ஒரு பந்து, அவர்கள் வலது பக்கத்துக்காரன் குருட்டடியாக அடித்தது, கம்பத்தில் பட்டு வெளியே போனது. நான் விழுந்தேன். பந்து கம்பத்தில் பட்ட சத்தம் கேட்டபோது நான் காற்றில் இருந்தேனா, மண்ணில் இருந்தேனா? மண்ணில் இருந்திருக்க வேண்டும். அது எட்டாத பந்து, யாருக்குமே எட்டாது. எட்டாத பந்துதான். சத்தம் கேட்டபோது காற்றில் இருந்தேன் என்று தோன்றுகிறது. இல்லை, எட்டாத பந்து. இதையே எத்தனை தடவை சுற்றுவேன், பந்து அந்தப் பக்கம் கிடந்து கிடந்து புத்தி இப்படிச் செக்கு மாடாகிவிட்டது.

அதோ நிற்கிறான் நடுக்கோட்டில், காக்கி அரைக்கால்சட்டையும் அளவு பெரிதான பூட்ஸுமாக, சொரிமுத்து. போன வருஷம் இதே மைதானத்தில் எங்கள் சென்டர் பார்வர்ட். பாபநாசத்துப் பக்கத்துப் பையன், பந்தைக் காலில் வாங்கினால் கல்லூரியே எழுந்து நிற்கும். அவனை இரண்டு தடவை ஆங்கிலப் பரீட்சையில் கோட்டடிக்க வைத்தது யார், இதோ தலை துடைக்கக் காத்திருக்கிற அருமைநாயகந்தான். இங்கிலீஷில் நாலு வாக்கியம் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவன் பட்டதாரி ஆகக் கூடாதாம். பட்டாளத்தில் யாரும் வாக்கியம் எழுதச் சொல்லவில்லை, லாரி ஓட்டச் சொன்னார்கள், போய்விட்டான். அவனும் பெரிய வீரன் இல்லை, எனக்குத் தெரியாதா, ஊருக்குப் போய் அப்பன் மூஞ்சியில் முழிக்கப் பயந்து ஜப்பான்காரனை மூஞ்சிக்கு மூஞ்சி பார்க்கப் போகிறான். அதற்காக அவன் மேலும் எனக்கு எரிச்சல் உண்டு. ஆனால் மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு என்னை நிற்க வைத்துப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரை உதைத்தவன் அவன். "காலப் பாக்காதலே காந்தி, கால் பொய் சொல்லும். இடுப்பப் பாரு, இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று சொல்லிக்கொடுத்தவன் அவன். என் முழுப்பேர் காந்திமதிநாதன். வெள்ளைக்காரன் காதில் விழும்படி அதைச் சுருக்கிக் கூப்பிடக் கூடாது என்று வார்டன் உத்தரவு, அதனால் இந்த வருஷம் மைதானத்தில் நான் வெறும் நாதன். இன்றைக்கு லாரியை விட்டு இறங்கியதும் இந்த மைதானம் முழுக்கக் கேட்க "லே காந்தி" என்று கத்தினான். வார்டனுக்கு மூஞ்சி செத்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. கிட்டே வந்து தோளில் கை போட்டான். உடம்பில் கிரீஸ் வாடை. "கேம்புல ஒரு பேச்சு பேசுதானுவ. இந்தக் காலேஜ்காரனுவ போறவனுக்கு எல்லாம் ஒரு கோல் விட்டுக் குடுக்கானுவன்னு. நெசமாலே?" இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அரை மூச்சு தாமதமாகிவிட்டது, அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. தோளில் இருந்து கையை எடுத்தான். "அது கோல் இல்லலே, வாய்க்கரிசி. எனக்கு நீ போடாத. நாளைக்குப் போறேன், திரும்ப வாரனோ இல்லையோ. நெசமா ஒண்ணு போட்டாலும் சரி, நெசமா நீ ஒண்ணு பிடிச்சாலும் சரி, அத நெனச்சுக்கிட்டே லாரிய ஓட்டிருவேன். விட்டது மட்டும் வேண்டாம்." விட மாட்டேன் என்றேன். "என் ஆத்தா மேல சத்தியமா?" என்றான். அவன் ஆத்தா மேல் சத்தியம் பண்ணினேன்.

இடைவேளையில் தேவசித்தத்திடம் சொன்னேன், இன்றைக்கு விட மாட்டேன் என்று. எலுமிச்சம்பழத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "சொரிமுத்துவுக்காகவா? லே, மத்தவங்களுக்கு விடலாம், நம்மாளுக்கு விடக் கூடாதா? இது என்ன நியாயம்?" அவனுக்கு விளக்கிச் சொல்வதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். "சரி, ஒன் இஷ்டம். வார்டன் துடச்சா நாங்க வெலகிருவோம், அவர்ட்டச் சர்ட்டிபிகேட் வாங்கணும்லா எங்களுக்கு. நீ பிடிச்சாப் பிடி." நன்றாக விழுகிறவனுக்கு நன்னடத்தை சர்ட்டிபிகேட். கொடுங்கள், சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன். இதோ நிழலின் தலை புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் யாரும் கோல் போடவில்லை. உள்ளங்கை வியர்க்கிறது, மண்ணை அள்ளித் தேய்க்கிறேன். இப்போதே தயாராக இருக்க வேண்டும், முன்னாலேயே விழுந்துவிட்டால் என்ன, அரை மூச்சு முன்னால் விழுந்தால் கணக்குச் சரியாகிவிடும், அது எப்படி, இடுப்பு திரும்புவதற்கு முன்னால் எந்தப் பக்கம் விழுவது. யோசிக்காதே. யோசித்தால்தான் தாமதம். செம்பை யோசித்துக்கொண்டா பிடிக்கிறோம். பிடிக்கவில்லையே. அந்தக் கம்பத்துப் பந்து எட்டாத பந்து. வார்டன் சட்டைப் பைக்குள் கையை விடுகிறார். எடுத்துவிட்டார். வெள்ளையாக அகலமாக அதை உதறி விரித்து, என்ன பவ்வியம், துடைக்கிறார், ஒரு தடவை, பிடரியில் ஒரு தடவை. சுண்டல்காரி தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள்.

பந்து வருகிறது. அவன் காலில்தான். தேவசித்தம் வழுக்கி விழுகிற மாதிரி விழுகிறான், அவனுக்கு அதுகூட ஒழுங்காக வராது. பேக் இரண்டு பேரும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு விலகுகிற மாதிரி விலகுகிறார்கள். நடுவில் ஒரு தெருவே திறந்துவிட்டது, அந்தத் தெருவின் முனையில் நான். சொரிமுத்து ஓடி வந்தவன் நிற்கிறான். பந்தைக் காலடியில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கிறான். "வாங்கலே, வந்து மறிங்கலே" என்று கத்துகிறான். ஒருத்தனும் அசையவில்லை. ஒருத்தன் குனிந்து கணுக்கால் துணியை அவிழ்த்துக் கட்டுகிறான். இப்படியே நடந்து வந்து தட்டிவிட்டால் கோல். அவன் நடந்து வரவில்லை. பந்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போகிறான், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெனால்டி கட்டத்துக்கு வெளியே, போன வருஷம் என்னைப் பழக்கும்போது அவன் நின்று உதைக்கிற இடத்துக்கு. எனக்காகப் போகிறான். என் சத்தியத்தை நம்பிப் போகிறான். திரும்பி என்னைப் பார்க்கிறான், தலையை ஒரு ஆட்டு ஆட்டுகிறான், பழகும்போது ஆட்டுவானே, தயாரா என்று. தயார். ஓடி வருகிறான். காலைப் பார்க்காதே. இடுப்பு. இடுப்பு எனக்கு வலது பக்கம் திரும்புகிறது, தாழ்வாக, கம்பத்தை ஒட்டி, தெரிந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது, விழு, விழு, விழுகிறேன், காற்றில் இருக்கிறேன், கை நீண்டுகொண்டே போகிறது, விரல் நுனியில் பந்தின் தோல் உரசுகிறது, சூடாக, அவ்வளவுதான். மண் வாயில் போகிறது. பின்னால் உடைமரத்தில் பந்து மோதி முள் நொறுங்குகிற சத்தம்.

எழுந்திருக்கவில்லை. தெரிந்ததற்கும் விழுந்ததற்கும் நடுவில் அது இருந்ததா? அந்த அரை மூச்சு? கட்டினேனா? கட்டவில்லை. சத்தியமாகக் கட்டவில்லை. அதுவாகவே கட்டிக்கொண்டதா? விரல் பட்டதே, பட்டால் ஒழுங்காக விழுந்தேன் என்றுதானே அர்த்தம், விரல் படுகிற அளவுக்கு விடுவதற்கும் நான் பழகியிருக்கிறேனே. என் கை தரையை இரண்டு தடவை குத்துகிறது, ஐயோ போயிற்றே என்று. இது நானா குத்துகிறேன்? ஒவ்வொரு ஆட்டத்திலும் குத்துகிற குத்துதான் இது, இதையும் பழகித்தான் வைத்திருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உடைமரத்துக்குப் போகிறேன். பந்தில் முள் ஏறியிருக்கிறது, கடைசி பிளாடர் கையிலேயே மெதுவாகச் சுருங்குகிறது. விசில் ஊதிவிட்டார்கள். வார்டன் நின்றுகொண்டு கை தட்டுகிறார், இந்த வருஷத்திலேயே முதல் தடவையாகச் சரியான நேரத்தில் தட்டுகிறார். தேவசித்தம் ஓடி வந்து முதுகில் அறைகிறான். "லே, விட மாட்டேன்னு எங்கிட்டயே கத விட்டியே. இப்படி ஒரு விழுதல நான் பாத்ததே இல்ல. அப்படியே நெசம் மாதிரி இருந்துச்சு." அவன் மூஞ்சியில் துப்ப வாயைக் கூட்டினேன், வாயில் மண்தான் இருந்தது.

சொரிமுத்து வருகிறான். யாரும் அவனைத் தூக்கவில்லை, அவனும் யாரிடமும் கை குலுக்கவில்லை, நேராக என்னிடம் வருகிறான். சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், முதல் வார்த்தையே அதுவாக இருக்க வேண்டும். அவன் பைக்குள் கையை விடுகிறான். வேண்டாம் சொரிமுத்து, அதை எடுக்காதே. எடுத்துவிட்டான். சிகரெட் பாக்கெட். நான் புகைப்பதில்லை என்று தெரிந்தவன். என் உள்ளங்கையை விரித்து அதை வைத்து, விரல்களை அவனே மூடுகிறான். "நான் விடலலே" என்கிறேன். சொல்லிவிட்டேன், ஆனால் அவன் திரும்பிய பிறகுதான் சொல்லியிருக்கிறேன். அவன் நிற்கிறான், முழுதாகத் திரும்பவில்லை. "வச்சுக்கோ. எல்லாரும் குடுக்கிறதுதான" என்கிறான். காந்தி என்று சொல்லவில்லை, லே என்று சொல்லவில்லை. பூட்ஸ் கால் இரண்டும் புழுதியில் இழுபட நடந்து போய் லாரியின் முன்னால் ஏறிக் கதவைச் சாத்துகிறான். அவன்தான் ஓட்டுகிறான். லாரி கிளம்புகிறது, அதன் மேல் எங்கள் கோல் வலை இல்லை, எதுவுமே இல்லை, தார்ப்பாய் மட்டும். நான் நிஜமாகத்தான் விழுந்தேனா என்று இடுப்பைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில் அவன் ஒருத்தன்தான். ஒரு கையில் பாக்கெட், ஒரு கையில் காற்றுப்போன பந்து, நான் லாரியின் பின்னால் ஓடத் தொடங்குகிறேன், ஓடத் தொடங்கும்போது அது வாசலைத் தாண்டிவிட்டது.